கூண்டின் மூலையில் பதுங்கும் பூனையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீட்டில் என் மாமியாருடன் வசிக்கிறோம். சென்ற மாதம் கோவையிலுள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில் சிட்டு என்ற மூன்று வயதுப் பெண்பூனையைப் பார்த்தேன். ஆள் நெருங்கினால் கூண்டின் பின்மூலையில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. ஆனால் அங்கே பணிபுரியும் பெண் ஒரு கயிற்றை இழுத்துக் காட்டியதும் குட்டியைப் போலத் துள்ளித் துள்ளி விளையாடியது. எனக்கு அதை விட்டுவர மனம் வரவில்லை. என் கணவரோ, "நாய் ஆளை நம்பும், பூனை வீட்டைத்தான் நம்பும், வளர்ந்த பூனை நம்மிடம் ஒட்டாது, வேண்டுமென்றால் குட்டியாகப் பார்" என்கிறார். ஓணம் விடுமுறைக்கு ஆறு வயதுப் பேரன் திருச்சூரிலிருந்து வருகிறான். அவன் வரும் அன்றே பூனையையும் கொண்டுவந்துவிடலாமா? இந்தப் பூனை எங்களிடம் பழகுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

சிட்டுவைத் தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் ஓணத்தின்போது வேண்டாம். விருந்தினர் எல்லோரும் திரும்பிப் போய், வீடு தன் வழக்கமான அமைதிக்கு வந்த பிறகு, ஒரு சாதாரண வார நாளில் அழைத்து வருவதே அந்தப் பூனைக்கும் உங்களுக்கும் நல்லது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கயிற்று விளையாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

மனிதர்களைக் கண்டு ஒளியும் பூனைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பூனைக்குட்டிகள் பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கையையும் குரலையும் அறிந்து வளர்ந்தால், பிற்காலத்தில் எவ்வளவு கூச்சம் கொண்டாலும் மனிதர்களை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். அந்த வாரங்களில் மனிதரையே காணாமல் புதரிலோ கிடங்கிலோ வளர்ந்த பூனை, பெரிதான பிறகு வீட்டுக்குள் அடைபட்டால் பெரும்பாலும் துன்பமே படும். சிட்டு எந்த வகை என்று நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உண்மையான பீதியில் இருக்கும் பூனை விளையாடாது. அது உறைந்துபோய்க் கிடக்கும், அல்லது சீறும். அறிமுகமில்லாத நீங்கள் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே அது கயிற்றின் பின்னால் துள்ளியது என்றால், அதன் பயம் அளவு மீறியதாக இல்லை என்றும், உங்களுக்கும் அதற்கும் இடையே சிறிது தூரம் இருந்தால் அந்தப் பயத்தை அதுவே சமாளித்துக்கொள்ளும் என்றும் பொருள். அந்தத் தூரத்தை நீங்கள் குறைக்க முயலாமல், சிட்டுவே குறைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவதுதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே பாடம்.

குட்டியாகப் பார்க்கலாம் என்ற உங்கள் கணவரின் யோசனையில் நான் உடன்படவில்லை. குட்டி எந்தக் குணத்தோடு வளரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று வயதுப் பூனையின் குணம் கண்ணெதிரே இருக்கிறது. கூச்சம் உட்பட எல்லாவற்றையும் அறிந்தே அழைத்து வருகிறீர்கள். மேலும், இரவு 2 மணிக்குத் திரைச்சீலையில் ஏறும் குட்டியைவிட, எழுபது வயதைத் தாண்டிய மாமியாரின் காலடியில் ஓடித் தடுக்காத பூனையே உங்கள் வீட்டுக்குப் பொருத்தம். (உங்கள் மாமியாரின் வயது நானாக ஊகித்தது, தவறென்றால் அவர் மன்னிக்க வேண்டும்.)

முடிவெடுக்கும் முன் இன்னொரு முறை காப்பகத்துக்குச் சென்று, கூண்டுக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி, அதன் முகத்தை நேராகப் பார்க்காமல், இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அந்த இருபது நிமிடத்தில் அது ஒருமுறையாவது தலையைத் தூக்கி உங்களை மோப்பம் பிடித்தாலோ, தன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கினாலோ, அதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டியதில்லை. கருத்தடை அறுவை சிகிச்சை ஆகிவிட்டதா, ரேபிஸ் தடுப்பூசியும் பூனைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் எந்தத் தேதியில் போடப்பட்டன, என்ன உணவு தின்கிறது, எந்த வகை மணலில் கழிக்கிறது என்பவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, அங்கு வருவதற்கு முன் யாராவது வீட்டில் வளர்த்தார்களா என்றும் மறக்காமல் கேளுங்கள்.

இனி உங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பகுதி ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, பயந்த பூனைக்கு ராஜபாட்டை. பீரோவின் மேல் ஏறி, அங்கிருந்து சுவர்த்தலைக்குத் தாவி, உத்தரத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டால், மூன்று நாளைக்கு அதைக் கீழே இறக்க எவராலும் ஆகாது. ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாலும் வியப்பில்லை. ஆகவே, தளம் போட்ட அறை ஒன்று இருந்தால் முதல் சில வாரங்களுக்கு அதைச் சிட்டுவுக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஓர் அறையின் மேற்புற இடைவெளிகளை வலையடித்து மூடிய பிறகே அழைத்து வாருங்கள். ஒரு வீடு முழுவதையும் முதல் நாளிலேயே திறந்துவிடுவது தாராளமாகத் தோன்றினாலும், பூனையின் கண்ணுக்கு அது நாற்பது திசைகளிலிருந்தும் ஆபத்து வரக்கூடிய வெட்டவெளி.

அந்த அறையில் கட்டில் இருந்தால் அதன் அடிப்புறத்தைப் பெட்டிகளால் அடைத்துவிட்டு, பதிலாக ஓர் அட்டைப்பெட்டியை வையுங்கள். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வராமலே இருந்துவிடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் 9 பூனைகளுக்குக் கொடுக்காமலும் ஆராய்ந்து, 2014இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்த பூனைகள்தாம் விரைவில் பதற்றம் தணிந்தன. கட்டிலடிக்கும் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், கட்டிலடியின் தூரத்து மூலையில் கிடக்கும் பூனைக்கு உங்கள் கால்கள் மட்டுமே தெரியும். பெட்டிக்குள் இருக்கும் பூனை, தன்னை யாரும் பின்னாலிருந்து தொட முடியாது என்ற நிம்மதியோடு உங்களை முழுதாகப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரெதிராக இரண்டு வாசல்கள் வெட்டிவையுங்கள். ஒரே வாசல் என்றால் அதுவே பொறியாகத் தோன்றும். மணல் தட்டை அறையின் ஒரு மூலையிலும் சோற்றுக் கிண்ணத்தை எதிர் மூலையிலும் வைக்க வேண்டும். கழிக்கும் இடத்தருகே தின்னப் பூனைக்குப் பிடிக்காது.

முதல் நாள் கூடையைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். இரவு எல்லோரும் உறங்கிய பிறகு அது வெளியே வந்து தின்னும், சுற்றிப் பார்க்கும், மணலைக் கிளறும். காலையில் கிண்ணமும் தட்டும் உங்களுக்கு அதைத் தெரிவிக்கும். ஒரு வாரம் வரை காப்பகத்தில் கொடுத்த அதே உணவைக் கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம். பாலும் தயிர்ச்சோறும் பூனைக்கு உணவாகா. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ளாது; அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வாசலில் வாங்கும் மத்தியை முள் நீக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து அவ்வப்போது கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம், சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, வெந்தால் அது செயலிழந்துவிடும். மீன்குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவதும் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும். கூச்சத்தால் ஒரு வேளை உணவைத் தின்னாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுதாக இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்றால் "பழகினால் தின்னும்" என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியும். பருமனான பூனைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மூன்றாம் நாளிலிருந்து உங்கள் கணவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். காலையில் நாளிதழை எடுத்துக்கொண்டு அந்த அறையில் தரையில் உட்கார்ந்து, பூனை இருக்கும் பக்கம் தோளைக் காட்டியபடி, தாழ்ந்த குரலில் அரைமணி நேரம் வாய்விட்டுப் படிக்கட்டும். எந்தச் செய்தியாக இருந்தாலும் சரி. பூனைக்கு வேண்டியது ஏறி இறங்காத குரலும் அசையாத உருவமும்தான். தற்செயலாகக் கண்ணோடு கண் பட்டால் வெறித்துப் பார்க்காமல், தூக்கம் வருவதுபோல இமைகளை மெதுவாகத் தாழ்த்தித் திறக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இமை தாழ்த்திய அறிமுகமில்லாத மனிதர் நீட்டிய கையைப் பூனைகள் கூடுதலாக நாடி வந்தன.

சிட்டு தன் இருப்பைக் காட்டத் தொடங்கிய பிறகு விளையாட்டைத் தொடங்குங்கள். மூன்றடி நீளமுள்ள ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கோழி இறகு ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த மூன்றடிதான் நான் முன்னே சொன்ன தூரம்: பூனை உங்கள் கைக்கு எட்டாமல் இருந்துகொண்டே உங்களோடு விளையாட அது இடம் கொடுக்கிறது. பெரும்பாலோர் செய்யும் பிழை, இறகைப் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுவது. எந்த எலியும் பூனையை நோக்கி வருவதில்லை. இறகு பூனையிடமிருந்து விலகிப் போக வேண்டும்; பல்லி ஊர்வதுபோலச் சுவரோரமாகச் சிறிது நகர்ந்து, நின்று, நாளிதழின் அடியில் நுழைந்து சரசரக்க வேண்டும். நிற்கிற அந்தக் கணத்தில் பெட்டியின் வாசலைக் கவனியுங்கள். முதலில் கண்மணிகள் விரிந்து கறுப்பாகும். பிறகு தலை தாழ்ந்து, பின்கால்கள் இரண்டும் மாறி மாறி அசையும், பின்பகுதி இலேசாக ஆடும். அதைக் கண்டதும் குச்சியை வேகமாக இழுக்காமல் ஒரு நொடி பொறுத்துக்கொண்டால், பாய்ந்துவிடும். பிடிக்கட்டும். நான்கு முறைக்கு ஒரு முறையாவது அதற்கு இறகு அகப்பட வேண்டும். கடைசியாகப் பிடித்ததும் அதன் உணவை வைத்துவிட்டு நீங்கள் எழுந்துவிட வேண்டும். துரத்தி, பிடித்து, தின்று, நக்கிக்கொண்டு உறங்குவதுதான் பூனையின் இயல்பான வரிசை. சுவரில் சிவப்புப் புள்ளியாக ஓடும் லேசர் விளக்கை நான் சிபாரிசு செய்வதில்லை. எவ்வளவு பாய்ந்தாலும் கையில் ஒன்றும் சிக்காத வேட்டை, ஏற்கெனவே பதற்றமுள்ள பூனையை மேலும் அலைக்கழிக்கும்.

விடியற்காலையும் அந்திப் பொழுதுமே பூனை ஊக்கத்தோடு இருக்கும் நேரங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். சில வாரங்களில் இறகை விட்டுவிட்டு உங்கள் முழங்காலை மோந்து பார்க்கும் நாள் வரும். அன்றைக்குத்தான் பலர் அவசரப்பட்டுத் தூக்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு விரலை மட்டும் அதன் மூக்கின் உயரத்துக்கு நீட்டி அசையாமல் வைத்திருங்கள். தானாகக் கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்திலும் காதோரத்திலும் மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மீண்டும் முட்டினால் மீண்டும் மூன்று முறை. வயிற்றையும் வாலடியையும் தொடவே வேண்டாம்.

பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் கையாலேயே அறிந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பூனை, பதினைந்து நாளாகத் துணி வைக்கும் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மருத்துவன் என்ற மிதப்பில் ஒருநாள் பீரோவை நகர்த்திக் கையை விட்டு இழுத்தேன். கட்டைவிரலின் அடியில் கடித்தது. பூனையின் பல் ஊசிபோல ஆழ இறங்கும், மேலே காயம் மூடிக்கொண்டாலும் உள்ளே சீழ் பிடிக்கும். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாத அளவுக்குக் கை வீங்கியது. அது ஒரு வாரத்தில் ஆறியது. அந்தப் பூனை மீண்டும் என் கண்ணில் படும்படி உட்கார இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நம் ஊருக்கென்று இருக்கும் தொல்லைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று ஆடி, ஆவணியில் நம் வீட்டுக் கதவுகளை எப்படி அறையும் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குப் பழகிய அந்த ஓசை, பெட்டிக்குள் இருக்கும் சிட்டுவுக்கு இடிபோல இருக்கும். கதவுகளுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். அதன் அறை மேற்குப் பார்த்ததாக இல்லாமல் இருந்தால் நல்லது. தீபாவளியன்றும், மீன மாதத்தில் நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவின் வெடி முழங்கும் நாளிலும், விஷுவின்போதும் ஜன்னல்களை மூடி, பெட்டிமேல் ஒரு கனத்த போர்வையைப் போட்டு, அந்த அறையிலேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் மாமியார் வீட்டில் பூக்கட்டும் வழக்கமுடையவராக இருந்தால், நூலையும் வாழைநாரையும் மூடியுள்ள டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். விளையாட்டுப் புத்தியுள்ள பூனைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இல்லை என்பேன். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை அதில் சிக்கினால் துப்ப வராது, விழுங்கத்தான் முடியும். உள்ளே போன நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால், பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோலக் குடல் முழுவதும் சுருங்கி, நூல் குடல் சுவரையே அறுத்துவிடும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மண்ணுத்தியிலும் திருச்சூர் கொக்காலையிலும் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். காப்பகத்தில் பார்த்ததுபோல விளையாட்டுக் கயிறு வைத்திருந்தால் அதையும், குச்சியில் கட்டிய இறகையும், விளையாட்டு முடிந்தவுடன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

வந்து ஒரு வாரம், பத்து நாளில் தும்மலும் கண்ணில் நீரும் வந்தால் திகைக்க வேண்டாம். பல பூனைகளின் உடலில் உறங்கிக் கிடக்கும் ஒரு வைரஸ், இடமாற்றத்தின் பதற்றத்தில் விழித்துக்கொள்வது வழக்கம். தின்கிறதா என்று மட்டும் கவனித்து, மூக்கடைத்துத் தின்னாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் அப்படியே. பூனை கடித்தாலோ கீறி இரத்தம் வந்தாலோ, தடுப்பூசி போட்ட பூனையாகவே இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் கணவர் சொன்ன பழமொழியில் பாதி உண்மை இருக்கிறது. பூனை முதலில் இடத்தைத்தான் நம்பும். அந்த இடத்தில் தனக்குத் தீங்கில்லை என்று தெரிந்த பிறகே அங்கிருக்கும் ஆளை நம்பும். அதற்குச் சிட்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதுவரை, குறைந்தது முதல் ஒரு மாதத்துக்கு, முற்றத்துக்குக்கூட விடாதீர்கள். உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: சில கூச்சமுள்ள பூனைகள் ஆயுள் முழுவதும் மடியில் ஏறுவதில்லை. நீங்கள் சமையலறையில் இருந்தால் வாசற்படியிலும், உறங்கினால் கட்டிலின் கால்மாட்டிலும் வந்து படுத்துக்கொள்ளும், தூக்கினால் நழுவிவிடும். அது உங்களுக்குப் போதாது, பேரன் தூக்கிக் கொஞ்ச ஒரு பூனைதான் வேண்டும் என்றால், அதே காப்பகத்தில் தானே வந்து காலைச் சுற்றும் வேறொரு பூனை இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். சிட்டுவுக்கும் வேறு வீடு கிடைக்கட்டும்.

சிட்டுதான் என்று முடிவானால், ஓணத்துக்கு வரும் பேரனிடம் பூனையைக் காட்டுவதற்குப் பதிலாக மூங்கில் குச்சியையும் இறகையும் கொடுத்து, அந்த விளையாட்டுக் கோலை அவன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியின் இரண்டு வாசல்களையும் அவனே வரைந்து கொடுக்கட்டும், வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு அவன் வரும்போது அந்தக் கோலின் இந்த முனையில் அவன் இருக்கலாம். கோவைக்குப் போகும் அன்று மூடியுள்ள கூடையின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, காரில் முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் வைத்து, வேலந்தாவளம் வழியாக நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். அழுகிறதே என்று வழியில் கூடையைத் திறக்க வேண்டாம். புறப்படும் முன் சிட்டு கூண்டில் படுத்திருந்த துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழுக்காக இருந்தாலும் துவைக்காமல், அப்படியே அட்டைப்பெட்டிக்குள் விரித்துவிடுங்கள்.